சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதை

வானில் பறக்கும் மந்திரம், கடல் நடுவே ஒரு தீவு, விடாது தொடரும் அரசிளங்குமரன்: இம்மூன்றும் அமைந்த கதையை இளைஞர் ஒரே மூச்சில் படித்து முடிப்பர். இன்று உலகெங்கும் இளைஞர்க்கென்றே இத்தகைய மாயக் காதற் புதினங்கள் வெளிவருகின்றன. அந்தமான் தீவுகளில் வாழும் நம் பிள்ளைகள் அவற்றை ஆங்கிலத்தில் விரும்பிப் படிப்பது இயல்பே. அச்சுவையைத் தமிழிலேயே தரவல்ல பழங்கதை ஒன்று நம்மிடம் உண்டு. அது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை.

சமய நூல் என்றெண்ணி அதனை ஒதுக்கிவிடாது, கதையை மட்டும் நோக்குவோம். உவவனத்தில் மலர் கொய்யச் சென்ற மணிமேகலையை நாடிச் சோழ இளவரசன் உதயகுமரன் தேரேறி வருகிறான். அவள் பளிங்கு மண்டபத்தில் ஒளிகிறாள். அன்றிரவே மணிமேகலா தெய்வம் அவளைத் துயிலோடு எடுத்து மணிபல்லவத் தீவில் சேர்க்கிறது. முற்பிறப்பில் தன் கணவனாயிருந்த இராகுலனே இன்றைய உதயகுமரன் என்பதை அவள் அங்கே அறிகிறாள். வான்வழிச் செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்கள் பெறுகிறாள். கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியும் அவள் கை சேர்கிறது.

இக்கதை இளையோர் நெஞ்சைக் கவர்வது எதனால்? பாட்டி சித்திராபதி, "இவள் ஆடலரங்கிற்கு உரியவள்" என்கிறாள். தாய் மாதவியோ துறவுக்கு உரியவள் என்கிறாள். இளவரசன் தனக்கே உரியவள் என்கிறான். அவள் விருப்பம் யாதென வினவுவார் அரியர். பதினாறு வயதில் இந்நிலையைச் சிறிதேனும் உணராதவர் யார்? மந்திரம் அவளுக்குத் தன் வழியைத் தானே தேரும் ஆற்றலைத் தருகிறது.

அவ்வாற்றலுக்கு விலையும் உண்டு. இளவரசனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்பவளின் உருவை மேற்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவியே இளவரசனோடு உரையாடுவதாக மயங்கி, அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். மணிமேகலை கதறி அழுகிறாள். காதல் பொய்யன்று, ஆதலின் துயரமும் பொய்யன்று.

அவ்வேற்றுருவில் அவள் செய்த அருஞ்செயல் ஒன்றும் உண்டு. புகார் நகரச் சிறையுட் புகுந்து கைதிகளின் பசியைத் தீர்க்கிறாள். வியந்த மன்னன், வேண்டுவது யாதெனக் கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள். அவனும் இசைகிறான்.

அந்தமானில் வாழ்வோர்க்கு இது வெறுங் கற்பனையாகத் தோன்றாது. 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை நிற்கிறது. விடுதலை வீரர் பலர் அதன் தனியறைகளில் வாடினர். 1963-இல் அவ்வளாகத்திலேயே மருத்துவமனை எழுந்தது. 1979-இல் சிறை தேசிய நினைவகமாயிற்று. காவியம் கண்ட கனவு கண்ணெதிரே கல்லாய் நிற்கிறது.

இந்நூலில் முப்பது காதைகள் உள்ளன. செய்யுள் கடினமாயின், நாளொரு காதையாக எளிய தமிழிற் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு திங்களில் கதை முடியும். பேச்சளவில் மட்டும் தமிழறிந்த பிள்ளையும், அடுத்து என்ன நேரும் என்னும் ஆவலால் ஏட்டைத் தானே விரிக்கக்கூடும். வேற்று நிலத்தில் வாழும் தமிழர்க்கு அவ்வாவல் பெரும் செல்வமன்றோ?