உடுக்களின் இரசாயனமும் கோளக்கொத்துகளின் பூர்வீகமும்

மே மாத இறுதியில், நிலவற்ற இரவில், ஒன்பது மணியளவில் தொண்டைமானாற்றுக் கடனீரேரிக் கரையில் நின்று தெற்கே நோக்குவோர், அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 33 பாகை உயரத்தில் மங்கலானதோர் ஒளிப்பொட்டைக் காணலாம். ஒற்றை உடுவெனத் தோன்றும் அது, ஏறத்தாழ ஒரு கோடி உடுக்கள் செறிந்த ஒமேகா செந்தோரி என்னும் கோளக்கொத்தாகும். இத்தகைய கொத்துகள் எமது பால்வீதியில் நூற்றைம்பதுக்கு மேல் உள. இவை யாவும் இங்கேயே பிறந்தனவா, அன்றி வேறிடத்திருந்து வந்து சேர்ந்தனவா என்பதே வினா.

இக்கரையோரக் கிணற்று நீர் மழையால் வந்ததா, கடலிலிருந்து ஊறியதா என்பதை அதன் உவர்ப்பு உணர்த்தும். உடுக்களின் ஒளியை நிறமாலையாகப் பகுத்து, ஆங்குள்ள கருங்கோடுகளால் மூலகங்களின் அளவை அறிவதும் அத்தகையதே. பெருந்திணிவுடைய உடுக்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துச் சிலிக்கன், கல்சியம் முதலியவற்றை மிகுதியாகப் பரப்புகின்றன. எரிந்தடங்கிய வெண்குறு உடுக்கள் பிந்தி வெடித்து, இரும்பைப் பெருக்குகின்றன. சிறிய உடுமண்டலங்களில் உடுக்கள் மெதுவாகவே பிறப்பதால், இரும்பின் மொத்த அளவு குறைவாக இருக்கும்போதே இப்பிந்திய வெடிப்புகளின் விளைவு வெளிப்படுகின்றது. எனவே, சமஅளவு இரும்புடைய இரு கொத்துகளுள், சிலிக்கனும் கல்சியமும் குறைந்தது சிறுமண்டலமொன்றிற் பிறந்ததெனக் கருத இடமுண்டு.

ஆயினும் எல்லா மூலகங்களும் நம்பத்தக்க சாட்சிகளல்ல. பெரும்பாலான கோளக்கொத்துகளில் ஒரு பகுதி உடுக்களில் ஒட்சிசன் குறைந்து சோடியம் மிகுந்துள்ளது. சில கொத்துகளில் மகனீசியமும் குறைகின்றது. இவை கொத்துகளினுள்ளேயே நேர்ந்த மாற்றங்கள். பிறந்த இடத்தைச் சுட்டுவன அல்ல. இவ்வேறுபாட்டை உணராது ஒரு மூலகத்தை மட்டும் கொண்டு பூர்வீகம் கூறுவது தவறாகும்.

சாதாரணக் கொத்துகளில் உடுக்களின் இரும்பளவு ஏறத்தாழ ஒன்றே. ஒமேகா செந்தோரியிலோ அது உடுவுக்கு உடு பத்து மடங்கிற்கு மேலும் வேறுபடுகின்றது. வெடிப்புகளின் எச்சங்களைச் சிதறவிடாது ஈர்த்துவைத்து, மீண்டும் உடுக்களை ஆக்கிய பெருந்தொகுதியொன்றிலேயே இது நிகழ்ந்திருக்கக்கூடும். ஆதலின், பால்வீதியால் விழுங்கப்பட்ட சிறுமண்டலமொன்றின் எஞ்சிய கருவே இஃதென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இக்கொத்து அடிவானுக்கு மேல் எழுவதில்லை. நம்மினும் சற்றே வடக்கில், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அது நன்கு தெரியும். ஆங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்த பி. பி. ஹேமா, கஜேந்திர பாண்டே ஆகியோர், ஐதரசன் ஒப்பளவிற் குறைந்த பேருடுக்கள் இக்கொத்தில் உள்ளமையை 2014 இல் வெளியிட்டனர். மகனீசிய ஐதரைட்டின் நிறமாலைப் பட்டை எதிர்பார்த்ததினும் நலிந்திருந்தமையே அவர்களுக்குத் துப்பாயிற்று. ஐதரசனின் குறைவு ஈலியத்தின் மிகுதியைக் குறிக்கும். எல்லா உடுக்களும் ஒரே கலவையிற் பிறக்கவில்லை என்பதற்கு அது மேலுமொரு சான்று.

இரசாயனச் சான்று தனித்து நிற்பதுமன்று. இக்கொத்து பால்வீதியின் சுழற்சிக்கு எதிர்த்திசையிற் செல்கின்றது. ஏறத்தாழ ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கு முன் பெரியதொரு மண்டலம் பால்வீதியுடன் கலந்தமையைக் கையா விண்கலத்தின் அளவீடுகள் 2018 இல் புலப்படுத்தின. கொத்துகளின் இயக்கம், வயது, இரசாயனம் ஆகிய மூன்றும் ஒத்துரைக்கும்போதே பூர்வீகத்தைத் துணிந்து கூறலாம். அவ்வாறு நோக்குமிடத்து, பால்வீதி ஒரே மூலத்திலிருந்து வளர்ந்ததன்று. பல மண்டலங்களின் சேர்க்கையால் உருவானதென்பது தெளிவாகும்.