டப்பா சொல்வதும் ஆய்வு சொல்வதும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் ஷிப்ட் முடிந்ததும் ஜிம்முக்குச் செல்கிறார்கள். உடலைப் பேணுவது நல்ல காரியம்தான். ஆனால் 'சில வாரங்களில் கட்டுடல்' என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 'சார்ம்ஸ்' மாத்திரை வாங்குவது ஆபத்து.

ஆஸ்டரின் போன்ற இந்த மருந்துகள், தசை நலிவுக்குப் பயன்படுமா என்று இன்னும் ஆய்வில் இருப்பவை. இவற்றால் கல்லீரல் பாதிக்கப்படலாம், மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சார்ம்ஸ் என்று இணையத்தில் விற்ற 44 பொருட்களைச் சோதித்தார்கள். 52 சதவீதத்தில்தான் சார்ம்ஸ் இருந்தது.

புரோட்டீன் பவுடரும் விதிவிலக்கல்ல. கேரள மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு தவறு. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு இருந்தது.

எல்லாமே ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. பயிற்சியோடு சேர்ந்தால் ஓரளவு பலன் தருகிறது. ஆனால் பெரும்பாலோருக்கு முட்டை, மீன், பருப்பு, பால் போதும்.

பெற்றோர்களே, பிள்ளையைத் திட்டாமல் டப்பாவை வாங்கிப் பாருங்கள். கேப்சூல் உறை ஜெலட்டின் என்றால், எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது, ஹலாலா என்றும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதை விளம்பரத்தை நம்பி ஒப்படைக்க வேண்டாம்.