நிலத்தை அடகு வைக்கலாமா?

சென்ற கோடையில் ஒரு மாலை, செபமாலை முடிந்த வேளையில், குமராட்சிப் பக்கத்து உழவர் ஒருவர் தம் மகளோடு நம்மைக் காண வந்தார். மகள் வேதியியலில் எம்.எஸ்ஸி. இறுதியாண்டு பயில்பவள்.

“சாமி, பிள்ளை வெளிநாட்டுல படிக்கணும்னு ஆசைப்படுது. ஏஜெண்டு இருபது லட்சம் ஆகும்ங்கிறார். ஒன்றரைக் காணி இருக்கு. அடகு வச்சிடலாமா?”

நாம் உடனே விடை கூறவில்லை. குருமடத்தில் நாம் கற்றவை மெய்யியலும் இறையியலுமே. எனவே, அறிந்த பேராசிரியர்களிடம் கேட்டறிந்த பின்னரே அவர்களை மீண்டும் அழைத்தோம்.

அன்பு வாசகர்களே, நம் குடும்பங்கள் பல அறியாத செய்தி இது. வெளிநாட்டில் முதுகலைப் பட்டம் பெறச் செல்பவர் பெரும்பாலும் தாமே பணம் கட்டுகிறார். வேதியியலில் முனைவர் பட்டத்திற்குச் செல்பவருக்கோ பெரும்பாலும் பல்கலைக்கழகமே பணம் தருகிறது. அமெரிக்க நாட்டில் அம்மாணவர், இளநிலை மாணவர்க்கு ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் பிடிக்கக் கற்பிப்பார், விடைத்தாள் திருத்துவார். அதற்கு ஈடாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். உண்ணவும் தங்கவும் மாத ஊதியமும் கிடைக்கும். பின்னர், பேராசிரியரின் ஆராய்ச்சி நிதி அவரைத் தாங்கும். ஜெர்மனியில் 1925-இல் தோன்றிய டி.ஏ.ஏ.டி. நிறுவனமும், 1959-இல் வகுக்கப்பெற்ற காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டமும் இத்தகைய கதவுகளே. இவற்றுள் எதற்கும் ஏஜெண்டு தேவையில்லை. மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, ஆசிரியர் மூவரின் பரிந்துரைக் கடிதம், தன் ஆய்வு விருப்பத்தைத் தெளிவாக எழுதும் திறன் ஆகியவையே வேண்டும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் இனத்தார்க்கு உண்டு. ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் நம் தலித் கிறித்தவப் பிள்ளைகள் அப்பட்டியலுக்குப் புறத்தே நிற்கின்றனர். ஆகவே பல்கலைக்கழகங்களே நேரில் தரும் உதவி, நம் பிள்ளைகளுக்கு இருமடங்கு பயனுடையது.

1952-இல் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனை அம்மகளுக்கு நினைவூட்டினோம். பரோடாவில் இயேசு மரி கன்னியர் பள்ளியில் படித்தவர். தேசிய அறிவியல் திறன் உதவித்தொகை பெற்று, 1971-இல் இயற்பியல் பட்டதாரியானார். அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976-இல் முனைவர் பட்டமும் இயற்பியலிலேயே பெற்றார். பிறகு உயிரியலுக்கு மாறி, மீண்டும் மாணவராய் அமர்ந்தார். உயிரணுக்களில் புரதம் சமைக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார், அதுவும் வேதியியலுக்கு! அவரிடம் வேதியியல் பட்டம் ஒன்றுகூட இல்லை என்றதும் அப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

நிலம் அடகுக்குப் போகவில்லை. அதில் இப்போது சம்பா நிற்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பம் சேரவேண்டும். ஆறு இடங்களுக்கு எழுதியிருக்கிறாள். அவற்றுள் இரண்டு, கேட்டதும் விண்ணப்பக் கட்டணத்தை விலக்கிவிட்டன. தந்தைக்கு இன்னும் ஒரே கவலை: “விமானச் சீட்டுக்கு என்ன செய்ய, சாமி?”