வீட்டைத் திருத்த எத்தனை ஆங்கிலச் சொல் தெரிய வேண்டும்?

இந்திய வீட்டுத்திட்டம் வடக்கு, கிழக்கில் நடைமுறைப்படுத்தப்பட்ட காலத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு இடையில் மூன்று இலட்சம் ரூபா இருந்தது. புதிதாக வீடு கட்டுபவருக்கு 550,000 ரூபா, சேதமடைந்த வீட்டைத் திருத்துபவருக்கு 250,000 ரூபா. படிவத்தில் 'நியூ' என்று எழுதப்பட்டதா, 'ரிப்பெயர்' என்று எழுதப்பட்டதா என்பதில்தான் அந்த வித்தியாசம் இருந்தது. கூரை போய், யன்னல் போய், நான்கு சுவர் மட்டும் மிஞ்சிய வீடு இதில் எந்தப் பக்கம் சேரும் என்று எங்கள் ஊரில் நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வாக்குவாதம் தமிழில் நடந்தது. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது.

2012 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கட்டிய வீடுகளுக்கு இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிறது. சுவர் வெடிக்கிறது, பூச்சு உதிர்கிறது, கூரை ஒழுகுகிறது. இந்த முறை திருத்துவதற்குத் திட்டம் எதுவும் வராது. சீட்டுக் காசு, வங்கிக் கடன், வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பும் காசு என்று சொந்தப் பணத்தில்தான் திருத்த வேண்டும். ஆகவே தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பைவிட இப்போது முக்கியம்.

மாலை நேரத்தில் ஊரில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருபவர்களில் அதிகமானோர் குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்தும் பெண்கள். அவர்கள் கொண்டுவருவது பாடப்புத்தகம் அல்ல. மேசன் கொடுத்த எஸ்ரிமேற், ஹாட்வெயார் கடைப் பில், கடன் படிவம். அவற்றை வாசித்துக் காட்டும்போது நான் கவனித்த விடயம் ஒன்று உண்டு. அந்தத் தாள்களில் இருக்கும் சொற்களில் முக்கால்வாசி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிளிந், பீம், லின்ரல், கொங்கிறீற், பிளாஸ்ரர், பெயின்ற், பைப், ரைல்ஸ் எல்லாம் நாங்கள் நாளாந்தம் பேசும் சொற்கள். காதுக்குத் தெரிந்த சொல்லைக் கண் அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். 'லின்ரல் மட்டத்துக்கு வந்திட்டுது' என்று சொல்லும் அக்காவுக்கு அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் காட்டினால் தெரியாது. கதவு, யன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் கொங்கிறீற் பட்டைதான் அது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே இங்கே படிக்க வேண்டியது புதிய மொழி அல்ல. பேசும் சொல்லுக்கும் எழுதிய சொல்லுக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும்.

இரவல் சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதும் அல்ல. யன்னல், குசினி, விறாந்தை, அலுமாரி, மேசை, கதிரை, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். லாச்சியும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. அவற்றை வாங்கி எங்கள் சொல்லாக்கிவிட்டோம். ஆங்கிலச் சொல்லையும் அப்படித்தான் வாங்கியிருக்கிறோம். ஆனால் இதில் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தாள். 'எஸ்ரிமேற்' என்றால் ஏறக்குறைய இவ்வளவு முடியும் என்ற மதிப்பீடு. அது பிறகு கூடலாம். 'கொட்டேஷன்' என்றால் இந்த விலைக்கு இந்த வேலையைச் செய்து தருகிறேன் என்று ஒருவர் வைக்கும் விலை. எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். தாளின் தலைப்பில் எது இருக்கிறது என்று பாருங்கள். 'பி.ஓ.கியூ' என்பது வேலையையும் அளவையும் விலையையும் வரிவரியாகப் பிரித்துப் போடும் பட்டியல். அதில் 'கியூ.ரி.வை' என்ற மூன்று எழுத்து அளவைக் குறிக்கும். 'ரேற்' என்பது ஓர் அலகின் விலை. இரண்டையும் பெருக்கினால் 'அமௌன்ற்' வர வேண்டும். பெருக்கிப் பாருங்கள், அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. 'எல்.எஸ்' என்று இருந்தால் அளவு சொல்லாமல் மொத்தமாகப் போட்ட தொகை. அந்த வரியில் என்னென்ன அடங்கும் என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலைத் தமிழில் பக்கத்தில் எழுதுவியுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் 'லேபர் ஒன்லி'. கூலி மட்டும் என்று அர்த்தம். என்னிடம் வரும் ஓர் அக்கா குசினிக் கூரை மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டார். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு முற்பணமும் கொடுத்துவிட்டார். மரமும் சீற்றும் ஆணியும் யார் வாங்குவது என்ற பேச்சு வந்தபோதுதான் தாளின் அடியில் அந்த இரண்டு சொல்லும் இருப்பது தெரிந்தது. பொருளும் சேர்ந்த விலை என்றால் 'வித் மெற்றீரியல்ஸ்' அல்லது 'சப்ளை' என்ற சொல் இருக்க வேண்டும்.

'கியூப்' என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். அகராதியில் பார்த்தால் எல்லாப் பக்கமும் சமமான கனசதுரம் என்று இருக்கும். மணல் ஏற்றுபவரிடம் ஒரு கியூப் என்றால் 100 கன அடி, அதாவது பத்தடி நீளம், பத்தடி அகலம், ஓரடி உயரம். ரிப்பர் வந்து நின்றதும் பெட்டியின் உட்புற நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி நூறால் பிரியுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் ஒன்றரைக் கியூப். கொட்டிய பிறகு அளப்பது கஷ்டம்.

இனி சுவர். 'டாம்ப்' என்றால் ஈரம். நிலத்தடி ஈரம் அத்திவாரத்தின் வழியாகச் சுவருக்குள் ஏறும். ஏறும்போது உப்பையும் கொண்டுவரும். தண்ணீர் காய்ந்து போக, உப்பு சுவரின் மேற்பரப்பில் படிந்து பூச்சைத் தள்ளும். நாங்கள் உவர் பிடித்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். இதைத் தடுக்க அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் கடக்காத ஒரு படை போடுவார்கள். அதுதான் தாளில் 'டி.பி.சி' என்று வருவது. புதிதாக ஓர் அறை இழுத்துக் கட்டும்போது பட்டியலில் இந்த மூன்று எழுத்து இல்லாவிட்டால் கட்டாயம் கேளுங்கள். சுவர் எழும்பிய பிறகு அதைப் போடுவது பெரிய வேலை. உவர் பிடித்த சுவரில் காரணத்தைத் திருத்தாமல் 'ரீபெயின்ரிங்' என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்தக் காசு அடுத்த மாரியோடு உதிர்ந்துவிடும்.

வெடிப்புக்கு ஆங்கிலத்தில் 'கிராக்'. மயிர் போல மெல்லியதாகப் பூச்சில் மட்டும் ஓடினால் 'ஹெயார்லைன் கிராக்'. பூச்சைத் தாண்டிச் சுவரையே பிளந்தால் 'ஸ்ரக்சரல் கிராக்'. முதலாவதைப் பூசி மறைக்கலாம். இரண்டாவதைப் பூசி மறைக்கக் கூடாது. எது என்று சந்தேகம் இருந்தால் வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதியை எழுதி வையுங்கள். மாரி கழிந்து பார்க்கும்போது கோட்டைத் தாண்டியிருந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் களிமண் நிலத்தில், முருங்கன் பக்கத்தில் இருப்பதைப் போன்ற மண்ணில், அத்திவாரமே அசையும்.

அத்திவாரம் தாழ்வதற்குப் பொறியியலாளர் சொல்லும் சொல் 'செற்றில்மென்ற்'. இதே சொல்லுக்கு முன்னால் 'றீ' போட்டால் நாங்கள் 2009க்குப் பிறகு வருடக்கணக்காகக் கேட்ட மீள்குடியேற்றம். வங்கியில் இதே சொல் கடனைக் கட்டி முடிப்பதைக் குறிக்கும். குடியிருத்தப்பட்டவர்களின் வீடு தாழ்ந்து, அதைத் திருத்த எடுத்த கடனைக் கட்டி முடிப்பது வரை ஒரே சொல் போதுமாக இருப்பதை நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை.

'கியூரிங்' என்றால் கொங்கிறீற்றையும் பூச்சையும் ஈரமாக வைத்திருப்பது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இரசாயன மாற்றம் அடைந்துதான் இறுகுகிறது. கொங்கிறீற் போட்டுக் குறைந்தது ஏழு நாள் நனைத்து வைக்க வேண்டும். அதன் பலத்தை 28 நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் கொங்கிறீற் போட்டுவிட்டு வெயிலில் விட்டால், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வெடிக்கும். தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய கூரைச் சீற்றைக் கழற்றுபவர்கள் 'அஸ்பெஸ்ரோஸ்' என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டும். எல்லா வகை அஸ்பெஸ்ரோசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீற் முழுதாக இருக்கும்போது ஆபத்துக் குறைவு. ஷெல் பட்டு உடைந்ததை வாளால் அறுக்கும்போதும் சம்மட்டியால் அடிக்கும்போதும் பறக்கும் தூசிதான் சுவாசப்பைக்குள் போகிறது. நனைத்து, உடைக்காமல் கழற்ற வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. புதிய மலசலகூடக் குழிக்கு நிலம் வெட்டுபவர்கள் 'டேஞ்சர் மைன்ஸ்' என்ற சிவப்புப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். அந்த ஆங்கிலத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

ஒரு விடயம். வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். அரச அலுவலகத்தில் இருந்து தமிழில் கடிதம் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. பிரதேச செயலகமோ பிரதேச சபையோ ஆங்கிலப் படிவம் நீட்டினால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தனியார் கொந்தராத்துக்காரரிடமும் கடைக்காரரிடமும்தான் இந்த உரிமை செல்லாது, அங்கேதான் மேலே சொன்ன சொற்கள் தேவை.

இன்னும் இரண்டு சொல். 'ரிரென்ஷன்' என்றால் வேலை முடிந்தாலும் ஒரு பகுதிக் காசை உடனே கொடுக்காமல் பிடித்து வைப்பது. பெரிய கட்டட வேலைகளில் இது வழமை. சிறிய வீட்டு வேலைக்கும் கேட்கலாம். மறுப்பவரும் உண்டு, ஆனால் கேட்டதற்காக யாரும் வேலையை விட்டுப் போனதை நான் பார்க்கவில்லை. மற்றது 'கொம்பிளீற்றட்'. வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி என்று அர்த்தம். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பதற்கு முன் குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தானாக ஓட்டைக்குப் போனால் வையுங்கள். மூலையில் தேங்கி நின்றால் அதற்கும் ஒரு சொல் இருக்கிறது, 'ஸ்லோப்'. சாய்வு சரியில்லை என்று மேசனிடம் அந்தச் சொல்லையே சொல்லுங்கள், அவருக்கு உடனே விளங்கும். கூரை வேலை என்றால் ஒரு மழை வரும்வரை பொறுங்கள்.