பெய்ராவிலிருந்து வந்த மாணவர்

சென்ற மாதம் நமது குடியிருப்பில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இதனை எழுதத் தூண்டியது. மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுக நகரிலிருந்து புனேக்குப் பயில வந்த மாணவர் ஒருவர், நம்மவர் ஒருவரின் வீட்டு வாயிலில் வாடகைக்கு அறை கேட்டு நின்றார். அறை காலியாகத்தான் இருந்தது. "நேற்றே கொடுத்தாயிற்று" என்று விடை வந்தது. உடன் சென்ற நாமும் வாய் திறவாது நின்றோம். திரும்பும் வழியில், தம் பாட்டனார் பெய்ரா இருப்புப் பாதையில் வேலை பார்த்தவர் என்று அவர் கூறினார். நாமும் ரயில்வே குமாஸ்தா என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நமக்கோ தலை நிமிரவில்லை.

அந்தப் பெய்ரா பாதையின் வரலாற்றை நேயர்கள் அறிதல் நன்று. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் நிறவெறி அரசின் கொள்கையாகவே இருந்தது. கறுப்பர் தம் சொந்த நாட்டிலேயே, நடமாடுவதற்கு அனுமதிப் புத்தகம் ஒன்றைச் சட்டைப் பையில் சுமந்து திரிதல் வேண்டும். அதனை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடியோர்மீது போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அவ்வரசை அண்டை நாடுகள் வெறுத்தன. ஆனால் வெறுத்து என் செய்வது? ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி முதலியவற்றுக்குக் கடற்கரையே இல்லை. அவற்றின் செம்பும் புகையிலையும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்கள் வழியே சென்றன. சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாகன்களை நிறுத்தி வைக்கும் அதிகாரம் எவன் கையில் உள்ளதோ, அவன் சொல்லே சட்டம்.

ஆகவே 1980இல் ஒன்பது நாடுகள் லுசாக்கா நகரில் கூடி, பொருளியலில் தம் காலில் நிற்க வேண்டுமென்று ஓர் அமைப்பைக் கண்டன. ஜிம்பாப்வேயின் எல்லையிலிருந்து பெய்ரா வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான்; கடலுக்கு அதுவே குறுக்கு வழி. அதனாலேயே தென்னாப்பிரிக்காவின் ஆதரவு பெற்ற கலகக்காரர் அப்பாதையை மீண்டும் மீண்டும் தகர்த்தனர். ஜிம்பாப்வே படைவீரர் காவல் நிற்க, சுவீடன் முதலிய நாடுகள் பொருளுதவி புரிய, தண்டவாளம் செப்பனிடப்பட்டது. இதற்கு முன்பே, 1970 முதல் 1975 வரை, சீனர்கள் தான்சானியாவிலிருந்து ஜாம்பியாவுக்கு 1,860 கிலோமீட்டர் நீளப் பாதை அமைத்துக் கொடுத்திருந்தனர். 1986இல் ஹராரேயில் கூடிய அணிசேரா நாடுகள் ஆப்பிரிக்க நிதி ஒன்றை நிறுவியபோது, அதன் தலைமையை இந்தியா ஏற்றது.

இந்தியாவின் பங்கு அன்று தொடங்கியதன்று. 1946இல், விடுதலை வருமுன்னரே, தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலவுரிமையைப் பறித்த சட்டத்தைக் கண்டித்து நம் நாடு அவர்களோடு வாணிகத்தை முறித்துக்கொண்டது. அந்நாளில் நமது ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 சதவீதம் அங்கேதான் சென்றது. வறிய நாட்டுக்கு அது சிறு தொகையா? அவ்வாண்டே விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் ஐக்கிய நாடுகள் சபையில் வழக்குரைத்து வென்றார். பின்னர் அச்சபையின் நிறவெறி எதிர்ப்புப் பணிகளைப் பல்லாண்டு நடத்திய எ.சீ. ரெட்டியார் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் 1974ஆம் ஆண்டை அடிக்கடி நினைவுகூர்வார். டேவிஸ் கோப்பை அரையிறுதியில் இந்தியா சோவியத் நாட்டை இதே புனேயில் வென்றது. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள் நம் அணியில் இருந்தனர். இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது நம் அரசு. கோப்பை ஆடாமலே அவர்கட்குப் போயிற்று. "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அன்று சாப்பாடே இறங்கவில்லை, தம்பி. ஆனாலும் ஆடியிருந்தால்தான் கேவலம்" என்பார் அப்பெரியவர். அக்கோப்பையை இந்தியா இதுவரை வென்றதில்லை.

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க மக்கள் யாவரும் நிறவேறுபாடின்றி வாக்களித்தனர். அதற்கு வெளிநாட்டார் உதவி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. சிறையிலும் தெருவிலும் பாடுபட்டவர் அந்நாட்டு மக்களே.

அரசு வாணிகத்தைத் துறந்தது; ஆட்டக்காரர் கோப்பையைத் துறந்தனர். நம்மவர் துறக்க வேண்டியிருந்தது, அண்டை வீட்டார் என்ன சொல்வாரோ என்னும் அச்சம் ஒன்றைத்தான். அறை மறுத்த அன்பரைக் குறை கூறி நாம் தப்பிக்க விரும்பவில்லை. அவருடைய தந்தையாரே இந்நகருக்கு வந்த புதிதில், மதராசிகளுக்கு வீடில்லை என்ற சொல்லைக் கேட்டு மூன்று மாதம் நண்பர் வீட்டுத் திண்ணையில் படுத்தவர். அக்கதையை அன்பரே நம்மிடம் சொல்லியிருக்கிறார். அன்று வாயிலில் நின்றபோது அதனை அவருக்கு நினைவூட்ட நமக்குத் துணிவு வரவில்லை.

அம்மாணவர் இப்போது கல்லூரிக்கு நெடுந்தொலைவில் இருவரோடு ஓரறையில் தங்கியிருக்கிறார். சங்க அலுவலகப் பலகையில் வாடகை வீடுகளின் பட்டியல் தொங்குவதை அன்பர்கள் அறிவர். வெளிநாட்டு மாணவர்க்கும் கொடுக்க இசைவோர் தம் பெயரருகே ஒரு குறியிட வேண்டுமென்று அடுத்த செயற்குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துள்ளோம். நம் வீட்டு மாடியறை சிறியது. தண்ணீர் காலையில் மட்டுமே ஏறும். முதற்குறி அதற்கு இட்டாயிற்று.