எழுத்தில் தடுமாறும் பிள்ளைகள்



தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியில் வாழ்பவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். என் பணிக்காலத்தில் நான் இழைத்த பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொண்டு, அதன்பின் பொருளுக்கு வருகிறேன்.

நான் பணியேற்ற புதிதில், ஆறாம் வகுப்பில் ஓர் உப்பளத் தொழிலாளியின் மகன் பயின்றான். பாடத்தை நான் வாயால் விளக்கிக் கேள்வி கேட்டால், முதலில் எழுந்து விடை சொல்பவன் அவனே. புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ நாவெழாது நிற்பான். 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதுவான். 'கொடை' என்பதைக் 'குடை' என்று படிப்பான். சோம்பேறி என்று ஏசினேன். பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினேன். ஆண்டு முடியுமுன் அவன் பள்ளியை விட்டு உப்பளத்துக்குச் சென்றுவிட்டான். அவனுக்கு இருந்தது சோம்பல் அன்று, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருந்திருக்கலாம் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புலனாயிற்று. ஆசிரியர் பயிற்சியில் அச்சொல்லையே நான் கேட்டதில்லை.

டிஸ்லெக்சியா என்பது யாது? கண்ணில் பழுதில்லை, செவியில் பழுதில்லை, அறிவிலும் குறைவில்லை. ஆயினும், சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு இணைப்பதில் மூளை இடர்ப்படுகிறது. இது பெரும்பாலும் குடும்பவழி வருவது. வளர்ப்பின் குற்றத்தால் வருவதன்று. இதைப் போன்றே எண்ணில் வரும் இடர்ப்பாட்டை டிஸ்கால்குலியா என்பர். ஏழு பெரிதா, ஒன்பது பெரிதா என்று சொல்லவும் அத்தகைய பிள்ளைக்கு நேரம் பிடிக்கும். இரவெல்லாம் ஒப்பித்த வாய்பாடு காலையில் மறந்துபோகும். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் கடினமாகும்.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். எளிய சொற்களையும் படிக்க இயலாத அச்சிறுவன், ஒன்பது இலக்க எண்ணைத் தடையின்றி வாசித்தான். கல்வி முழுவதும் வாய்மொழியாகவே அமைந்திருந்தால் பள்ளியிலேயே மிகக் கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அந்த ஆசிரியர் கண்டதை நான் காணத் தவறினேன். எழுத்தில் தடுமாறுபவன் எண்ணில் வல்லவனாக இருக்கலாம் என்பதற்கும் அவன் சான்று. சிலருக்கு இரண்டு இடர்ப்பாடுகளும் சேர்ந்து வருவதும் உண்டு.

நம் தமிழிலும் இதற்கு இடமுண்டு. எழுத்துகள் 247. 'கெ' என்னும் எழுத்தில் எகர ஒலி பின்னே வருகிறது. கொம்போ முன்னே நிற்கிறது. ல, ள, ழ என்பனவும், ந, ன, ண என்பனவும் பேச்சில் நெருங்கி ஒலிப்பவை. பிறர் எளிதில் கடக்கும் இவ்விடங்களில் இப்பிள்ளைகள் மீண்டும் மீண்டும் இடறுவர்.

இதற்கு வழி என்ன? கண், செவி, கை ஆகிய மூன்றையும் ஒருங்கே ஈடுபடுத்திக் கற்பிப்பதே வழி. அமெரிக்காவில் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் கில்லிங்காம் என்னும் ஆசிரியையும் 1930களில் இம்முறையை வகுத்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் பயின்றதும் இவ்வகையினதே. எங்கள் ஊரில் மணலும் வேண்டாம். தாம்பாளத்தில் தூளுப்பைப் பரப்பினாலே போதும். படிக்கும் வரியின்கீழ் ஓர் அட்டையை வைத்துக்கொண்டால் கண் அடுத்த வரிக்குத் தாவாது. கணக்குக்கு மணிச்சட்டமும், பல்லாங்குழிச் சோழியும், கட்டம் போட்ட தாளும் துணை செய்யும். இன்றைய கைப்பேசி பாடத்தைப் படித்துக் காட்டுகிறது. நாம் சொல்வதைத் தமிழில் எழுதியும் தருகிறது. கண்ணாடி அணிந்து படிப்பது எப்படிக் குற்றமன்றோ, அப்படியே இக்கருவிகளைக் கைக்கொள்வதும் குற்றமன்று.

இக்குறையுடையோர் அனைவரும் மேதைகள் என்று நான் சொல்ல வரவில்லை. அது வீண் புகழ்ச்சி. ஆனால் கேட்டதைக் கிரகித்தல், கோவையாகப் பேசுதல், பொறிகளின் அமைப்பை உணர்தல், படம் வரைதல் ஆகியவற்றுள் எதிலேனும் வல்லவர் அவர்களுள் பலர். எழுத்து ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அவ்வாற்றல் மறைந்துவிடும்.

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவச் சான்று பெற்ற மாணவர் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கோரலாம். இது கருணையால் இடும் பிச்சையன்று, உரிமை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் எவருக்கேனும் இத்தடுமாற்றம் இருப்பின், வெட்கி மறைக்காதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவன் தடுமாறினால் நகைக்காதீர்கள்; பாடத்தை ஒருமுறை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்று என் வகுப்பில் அதைச் செய்ய ஒருவரேனும் இருந்திருந்தால், முதலில் நானே அதைச் செய்திருந்தால், அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போயிருக்கமாட்டான்.