ஆகாயத்தில் ஒரு தூளி

இடையஞ்சாவடியில் இருந்து பாரிஸ் நகரம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

கப்பல் காலத்தில் இந்தக் கேள்விக்கு வாரக் கணக்கில் பதில் சொன்னார்கள். புதுச்சேரியில் கப்பல் ஏறி, செங்கடலையும் சூயஸ் கால்வாயையும் தாண்டி, மார்சேல் துறைமுகத்தில் இறங்க வேண்டும். இப்பொழுது சென்னையில் இருந்து பாரிசுக்கு ஆகாய விமானம் நேராகப் பறந்தால் சுமார் 10 மணி நேரம்தான்.

ஆனால், மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தால்? அந்த 10 மணி நேரம் பத்து நாளாகத் தெரியும்!

தனியே போகும் தாய்

இடையஞ்சாவடி, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அதை ஒட்டினாற்போல் இருப்பது, 1968-ல் தொடங்கிய ஆரோவில். வெளிநாட்டுக்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு விமானம் ஏறி அங்கே வந்து போகிறார்கள்.

பக்கத்திலேயே புதுச்சேரி. 1962-ல் அது சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அப்பொழுது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அதனால் புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் பிரான்சில் வாழ்கின்றன. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களும் ஏராளம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். கணவன் கடல் கடந்து வேலையில் இருப்பான். மனைவி பிள்ளை பெற ஊருக்கு வருவாள். சில மாதம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தனியே விமானம் ஏற வேண்டும். "அத்தனை நேரம் பிள்ளை தாங்குமா?" என்று ஆயாவும் தாத்தாவும் கலங்குகிறார்கள்.

தாங்கும். விமானம் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான். குழந்தைக்குத் தெரிந்தது தாயின் மடியும் பாலும்தான். அந்த இரண்டையும் எந்த நேரத்தில் எப்படிக் கொடுப்பது என்பதைத் தாய் அறிந்திருந்தால் போதும்.

புறப்படும் முன்

பிறந்து ஏழு நாள் ஆகாத பச்சைக் குழந்தையைப் பல விமானக் கம்பெனிகள் ஏற்றுவதில்லை. அவசரம் இல்லாதவர்கள் இன்னும் சில வாரம் பொறுத்துப் போவதே நல்லது. புறப்படும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டும். சளியும் காது நோயும் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இந்தியக் குழந்தை பால் குடிக்கும் வயதில் இருந்தாலும் அதற்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். தாயின் பாஸ்போர்ட்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது. 2023 அக்டோபர் 1-ந் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளின் வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் அத்தாட்சி. ஆகவே பிறந்தவுடன் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிட வேண்டும்.

2006-ம் ஆண்டு முதல், விமானத்துக்குள் கையில் கொண்டுபோகும் தண்ணீர், தைலம் முதலியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. 100 மில்லிக்கு மேல் உள்ள சீசாவைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஆனால் வழியில் குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. தயங்காமல் எடுத்துக் காட்டலாம்.

காது ஏன் வலிக்கிறது?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். மலை ஏறும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் 'பட்' என்று திறந்துகொள்ளும்.

விமானத்திலும் அதே கதைதான். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அங்கே உள்ள காற்றில் மனிதன் உயிர் வாழ முடியாது. ஆகவே உள்ளே காற்றை அடைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் காற்றின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதுபோல் இருக்கும். கொடைக்கானலின் உயரம் சுமார் 7,000 அடி. அதாவது, விமானத்தில் போகிறவர் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போலத்தான்!

காதின் உட்பக்கத்தில் இருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழாய் போகிறது. விழுங்கும்போது அது திறந்து, காதுக்குள் காற்றைச் சரி செய்கிறது. பெரியவர்கள் வேண்டுமென்றே விழுங்குவார்கள். குழந்தைக்கு அது தெரியாது. வலி வந்ததும் வீல் என்று அலறும்.

இதற்கு மருந்து தாயிடமே இருக்கிறது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் போதும். குழந்தை குடிக்கக் குடிக்கக் குழாய் திறக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். சக்கரம் தரையைத் தொடட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உப்பளத்துக் காற்று

இடையஞ்சாவடியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குப் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்கலாம். பாத்தியில் கடல்நீர் நிற்கிறது. வெயிலும் உலர்ந்த காற்றும் நீரைக் குடித்துவிடுகின்றன. உப்பு மிஞ்சுகிறது.

விமானத்துக்குள் உள்ள காற்றும் உலர்ந்த காற்றுதான். உயரத்தில் உள்ள காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதையே உள்ளே எடுத்துக்கொள்வதால், விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. குழந்தையின் உதடும் மூக்கும் காய்ந்துபோகும்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலே தண்ணீரும் ஆகாரமும். அடிக்கடி கொடுத்தால் போதும். தாயும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால்மாவை வேளைக்கு வேளை அளந்து தனித்தனியே கட்டிக்கொள்ளலாம். காய்ச்சிய தண்ணீரைப் பிளாஸ்கில் கொண்டுபோகலாம். கலக்கிய பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது.

தூக்க மருந்து வேண்டாம்!

"கொஞ்சம் சளி மருந்து கொடு. பாரிஸ் வரை பிள்ளை அசையாது!" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இதைக் காதில் வாங்கவே கூடாது. தூக்கத்துக்காகக் கொடுக்கும் மருந்து கைக்குழந்தையின் மூச்சையே பாதிக்கலாம். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். தூக்கம் வருவதற்குப் பதில் துடிதுடித்து அழும். டாக்டர் எழுதிக் கொடுக்காத எதையும் வாயில் ஊற்றக் கூடாது.

மருந்தைவிட நல்லது, தாயின் பழைய நூல் புடவைத் துண்டு. தெரிந்த வாசனை வந்தால் குழந்தை தானே கண் அயரும்.

தூளியும் பெல்ட்டும்

தொலைதூர விமானங்களில் குழந்தைத் தொட்டில் உண்டு. இருக்கை வரிசைக்கு முன்னே உள்ள தடுப்புச் சுவரில் அதை மாட்டுவார்கள். ஆகாயத்தில் கட்டிய தூளி என்றே சொல்லலாம்! ஆனால் ஒரு விமானத்தில் சில தொட்டில்களே இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எத்தனை கிலோ எடை தாங்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை தொட்டிலில் இருக்கக் கூடாது. விமானம் குலுங்கினாலும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பல விமானங்களில் குழந்தைக்கென்று தனி பெல்ட் தருவார்கள். அதைத் தாயின் பெல்ட்டோடு கோத்துக்கொள்ளலாம். தாயும் பிள்ளையுமாக ஒரே பெல்ட்டுக்குள் இருப்பது ஆபத்து. குலுக்கலில் தாயின் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும்.

1989 ஜூலை 19-ந் தேதி, அமெரிக்காவில் ஒரு விமானம் நடுவானில் பழுதாகி, சூ சிட்டி என்ற ஊரில் விழுந்து நொறுங்கியது. அதில் மடிக் குழந்தைகள் நால்வர் இருந்தார்கள். குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வதே அன்றைய விதி. தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் அப்படியே சொன்னார். ஒரு குழந்தை இறந்துவிட்டது. குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அதன் பிறகு அவர் பல ஆண்டுகள் போராடினார்.

இரண்டு வயது ஆகாத குழந்தை மடியில் வரலாம் என்பதே இன்றும் பொது வழக்கம். வசதி உள்ளவர்கள் தனி டிக்கெட் எடுத்து, விமானத்துக்கு ஏற்ற குழந்தை நாற்காலியில் கட்டி உட்கார வைப்பதே அதிகப் பாதுகாப்பு.

தாயையும் பார்க்க வேண்டும்

பிள்ளை பெற்ற உடம்பில் சில வாரங்களுக்கு இரத்தம் எளிதில் உறையும். நெடுநேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. விமானம் குலுங்காத நேரத்தில் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை அசைக்க வேண்டும். காலில் வீக்கமோ வலியோ இருந்தால் புறப்படும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு மட்டும் அல்லாமல் தாய்க்கும் மாற்றுத் துணி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பிள்ளை வாந்தி எடுத்தால் நனைவது இருவருந்தானே!

போய் இறங்கிய பிறகு இன்னொரு சங்கடம். பாரிஸ் கடிகாரம் நம் கடிகாரத்துக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் ஓடுகிறது. குழந்தை நம் ஊர் விடியலுக்கே கண் விழிக்கும். அங்கே அப்பொழுது நள்ளிரவு! பயப்பட வேண்டாம். பகலில் வெளிச்சத்திலும் இரவில் இருட்டிலும் வைத்திருந்தால் சில நாளில் பழகிவிடும். அந்த இரவுகளில் விழித்திருக்க வேண்டியது தகப்பனின் முறை!

அடுத்த இருக்கைக்காரர்

எவ்வளவு செய்தாலும் குழந்தை சில நேரம் அழத்தான் செய்யும். அழுகையைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் தாய் கூனிக் குறுகிப்போகிறாள். அந்தக் கவலையே அவளைப் பாதி வாட்டிவிடுகிறது.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் கூட்டம் நெரியும். குழந்தையோடு ஒருத்தி ஏறினால், முன்பின் தெரியாத பெண் கையை நீட்டுவாள். "பிள்ளைய இப்படிக் குடும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பெயர் கேட்கமாட்டாள். ஊர் கேட்கமாட்டாள்.

35,000 அடி உயரத்திலும் அந்தக் கை நீண்டால், ஒரு தாய் பத்து நிமிடம் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.